செகண்ட் லைஃப் நிகழ்ச்சிகளில் ஓரமாக நிற்காமல் கலந்துகொள்வது எப்படி?

கேள்வி கேட்டவர் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் கணக்குத் திறந்து ஒரு வாரம் ஆகிறதாம். பாட்டுக் கச்சேரி, கண்காட்சி என்று போகிறார், யாரோடும் கதைக்காமல் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். உண்மையாகவே கலந்துகொள்ள என்ன வழி என்று கேட்கிறார்.

நானும் இரண்டு மாதம் அப்படித்தான் நின்றேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, திருகோணமலை உப்புவெளியில் வீட்டுப் படலையைத் தாண்ட முடியாமல் இருந்த நாட்களில்தான் முதல் தடவை உள்ளே போனேன். லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்த உலகம் அது. மேடை, மரம், நாம் போடும் சட்டை என்று அங்கே கண்ணில் படுகிற பெரும்பாலானவை பாவனையாளர்களே செய்தவை. நிகழ்ச்சிகளும் அப்படித்தான். நிறுவனம் நடத்துவது கொஞ்சம், ஆட்கள் சொந்த ஆசையில் நடத்துவதுதான் அதிகம். எனக்கு இது விளங்கவே நாளெடுத்தது.

எங்கள் ஊர்ப் பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கும்பிட்டுவிட்டு வருகிறவர் எத்தனையோ பேர். தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்த பெடியனுக்குத்தான் அந்த வருசத் திருவிழா மறக்காது. செகண்ட் லைஃபிலும் இதேதான். ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எனக்குக் கிடைத்தது வாசலில் நின்று வரவேற்கிற வேலை. ஒரு சிறிய இசை அரங்கில், வருகிறவரின் பெயரைச் சொல்லி வணக்கம் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆள் மாறிவிடுகிறார். வாசலிலேயே உறைந்து நின்றவர் நாலு எட்டு உள்ளே வருகிறார், பாடகருக்குக் கை தட்டுகிறார். இரண்டாம் கிழமை தானே தேடி வருகிறார்.

பாடுகிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஒலிவாங்கி வைத்து நேரடியாகப் பாடுவார்கள். அந்த ஒலி இணையத்தில் சுற்றி நம்மிடம் வரச் சில நொடிகள் பிந்தும், ஆளுக்கு ஆள் அந்தப் பிந்தலும் வேறுபடும். அதனால் பாட்டு முடிந்து பாடகர் அடுத்த பாட்டுக்கு கிட்டாரைத் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் நம் கைதட்டு எழுத்தில் போய்ச் சேரும். ஒருவருடையது முந்தி, இன்னொருவருடையது பிந்தி. புதிதாக வருகிறவர்கள் தாங்கள்தான் பிழை விட்டதாக நினைத்துக் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம், தாராளமாகத் தட்டுங்கள். அந்தப் பிந்திய கைதட்டுக்காகத்தான் அவர் பாடுகிறார்.

நேரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே எல்லா அறிவித்தலும் கலிபோர்னியா நேரத்தில்தான் வரும். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை நமக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. அவர்களின் சனி இரவு 7 மணிக் கச்சேரி நமக்கு ஞாயிறு காலை 7.30 அல்லது 8.30. இது உண்மையில் வசதி. தேத்தண்ணியோடு உட்காரலாம். அவர்களின் மதிய நிகழ்ச்சி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும், அதற்கெல்லாம் நித்திரை முழிக்காதீர்கள்.

கணினி திணறினால் பார்வைத் தூரத்தை, அதாவது எவ்வளவு தூரம் வரை திரையில் காட்ட வேண்டும் என்ற அளவை, 64 மீட்டராகக் குறைத்துவிடுங்கள். ஒரு நிலப் பகுதி 256 மீட்டர் சதுரம். அதற்குள் நாற்பது, ஐம்பது பேர் சேர்ந்தாலே எல்லோருக்கும் இழுக்கும். கூட்டத்துக்குப் போகும்போது திரையில் உள்ள நம் உருவத்துக்கு எளிய உடுப்புப் போட்டுப் போவது மற்றவர்களுக்கும் செய்கிற உதவி.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது நினைவிருக்கும். நான் வணக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். பிறகு உள்ளே வந்தால், நான் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் வாசலில் நின்று எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றுக்கொண்டிருப்பார். யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். திருகோணமலை எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஆட்கள், எங்கள் பகுதி மின்வெட்டு நேரத்தைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

கடைசியாக, ஒரு நிகழ்ச்சிக்குக் கட்டாயம் போங்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி சேர்க்கும் 'ரிலே ஃபோர் லைஃப்' நடை. வெளி உலகில் நடப்பதைப் போலவே அங்கேயும் 2000களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் நடக்கிறது. குழு குழுவாக மாதக்கணக்கில் உழைத்துப் பாதையை அமைப்பார்கள், பிறகு சுற்றிச் சுற்றி நடப்பார்கள். நன்கொடை அந்த உலகத்தின் நாணயமான லிண்டன் டொலரில்தான். ஓர் அமெரிக்க டொலருக்குச் சுமார் 250 வரும் என்பதால் நம்மாலும் கொஞ்சம் கொடுக்க முடியும். நோயில் போனவர்களின் பெயரில் பாதையோரம் விளக்கு வைக்கலாம்.

என் அம்மா 2018இல் போனார். சிகிச்சைக்காக இரவு பஸ்ஸில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை கூட்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. முதல் வருசம் அவர் பெயரில் ஒரு விளக்கு வைத்தேன். மௌனமாக நடக்கும் சுற்றில் யாரும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. இருட்டில் விளக்குகள் மட்டும். இங்கே விடிந்துகொண்டிருந்தது, வெளியே காகம் கத்தியது. சுற்று முடிந்ததும் பக்கத்தில் நடந்த ஒரு பெண், யார் அது என்று விளக்கைப் பார்த்துக் கேட்டார். அம்மா என்றேன். எப்படிப்பட்டவர் என்றார். அடுத்த சுற்று முழுவதும் அம்மா முருங்கையிலை போட்டு வைக்கும் நண்டுக் குழம்பைப் பற்றி எழுதிக்கொண்டே நடந்தேன். அவர் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டார், புளி எப்போது விடுவது என்றுகூட.

அடுத்த வருசம் நான் போய்ச் சேர்வதற்கு முன்னமே அம்மாவின் பெயரில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வைத்தது. பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.