வீட்டில் இயன்முறை சிகிச்சை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கடினமாகும் நிலை) உள்ள என் மகளுக்கு வயது 4. வாரத்தில் இரண்டு நாள் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். வந்தவர் அவளை முக்காலியில் உட்கார வைத்து, பொம்மைகளை மேசையில் அடுக்கி விளையாடிவிட்டுப் போகிறார். கால்களை இழுத்து நீட்டிவிடுவது சில நிமிடங்கள்தான். இது போதுமா?

பதில்: நீங்கள் விளையாட்டு என்று நினைப்பதில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பாதம் முழுவதும் தரையில் பதியும் உயரத்தில் முக்காலியும், எழுந்து நின்றால்தான் எட்டும் உயரத்தில் பொம்மையும் இருந்தால், ஒவ்வொரு பொம்மைக்காகவும் அவள் தொடையையும் இடுப்பையும் பயன்படுத்தி எழுகிறாள். தனக்கு வேண்டிய ஒன்றுக்காகத் தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. பிறர் அசைத்துவிடும் காலிலிருந்து அது கற்பது மிகக் குறைவு. கையால் சில நிமிடங்கள் இழுத்து நீட்டுவதால் மட்டும் தசையின் நீளம் கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. இறுக்கம் இருந்தால் கணுக்கால் தாங்கி அணிவது, நிற்கும் சட்டகத்தில் நிறுத்துவது போன்ற, நீண்ட நேரம் நீடிக்கும் வழிகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் போதுமா என்றால், அது மட்டும் போதாது. அவர் வருவது உங்களுக்கும் சேர்த்துக் கற்றுத்தருவதற்காகத்தான். உடை மாற்றும்போது நிற்கவைப்பது, கட்டிலிலிருந்து தானே இறங்கவிடுவது என்று நாள் முழுவதும் நடக்கும் வேலைகளுக்குள் பயிற்சியை எப்படிப் பொதிந்து வைப்பது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சிகிச்சையின் மிகப் பெரிய நன்மை இதுதான்: அவள் ஏறப்போகும் அதே படியில், உட்காரப்போகும் அதே நாற்காலியிலேயே பழகுகிறாள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், இவ்வகைக் குழந்தைகள் உட்காருதல், நடத்தல் போன்றவற்றில் தங்களால் எட்டக்கூடிய இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 சதவீதத்தை 5 வயதுக்குள் எட்டிவிடுவது தெரியவந்தது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போதைய மாதங்கள் அருமையானவை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் முதலில் அவளுடைய தாய். களைத்துப்போன நாளில் பயிற்சியை விட்டுவிட்டுக் கதை சொல்லுங்கள்.

கேள்வி: இதே பாதிப்புள்ள என் மகனுக்கு வயது 13. நன்றாக நடந்துகொண்டிருந்தவன் ஓராண்டாக முழங்காலை மடக்கியபடி நடக்கிறான். பயிற்சி என்றாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். சோம்பல்தானே காரணம்?

பதில்: சோம்பல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்த வயதில் எலும்பு வேகமாக நீளும். இறுகிய தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. உடல் எடையும் கூடுவதால், அதே கால்கள் அதிகப் பாரத்தைச் சுமக்கின்றன. எலும்பு மருத்துவரிடம் காட்டி, இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். நடை திடீரென மோசமானாலோ, முதுகுவலியோ சிறுநீரை அடக்குவதில் புதிய சிரமமோ இருந்தாலோ, வளர்ச்சிதான் காரணம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்துவதற்கும் காரணம் இருக்கும். சிறு வயது முதல் பெரியவர்கள் கேட்காமலே தொட்டுத் திருப்பிய உடல் அவனுடையது. இப்போது அதன்மேல் தனக்கு உரிமை வேண்டும் என்கிறான், அது நியாயமே. அடுத்த முறை இயன்முறை மருத்துவர் வரும்போது, முதல் பத்து நிமிடம் உங்கள் மகனிடம் மட்டும் அவர் பேசட்டும்; அறைக்கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் சற்றுத் தள்ளி இருங்கள். நண்பர்களோடு மாடிப்படி ஏறுவதா, சைக்கிள் ஓட்டுவதா, எது வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும். அதற்கேற்ற எடைப் பயிற்சியை, தசைக்கு ஓய்வு கிடைக்கும்படி ஒருநாள் விட்டு ஒருநாள் அமைத்துத் தர அவரால் முடியும். பயிற்சிக் கணக்கை எழுதும் நோட்டும் மகன் கையிலேயே இருக்கட்டும்.