மனம் விட்டுக் கேளுங்கள்: தம்பியை மேடையில் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் ஒக்டோபர் 10, உலக மனநல நாளுக்கு ஒரு நிகழ்ச்சி வைக்க முடிவெடுத்திருக்கிறார்கள். என் தம்பிக்கு 29 வயது. மனச்சிதைவு வருத்தத்துக்காக ஆறு வருடமாகக் கிளினிக் போகிறான், மாதம் ஒரு ஊசி. இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் ஒழுங்கையில் அவன் நடந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். ‘உன்ர தம்பியை மேடையில் ஏத்தி நாலு வார்த்தை பேச வைப்பம், சனம் திருந்தும்’ என்கிறார் செயலாளர். தம்பி ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான். இப்படி நிகழ்ச்சிகளால் உண்மையில் ஏதும் மாறுமா மிஸ்? – பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: மகள், தம்பி ஒன்றும் சொல்லாததும் ஒரு பதில்தான். அதை முதலில் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய மனம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் ஒருகாலத்தில் அவரைப் போலத்தான் நினைத்தேன்.

உளநலப் பிரிவில் 27 வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். சுனாமிக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒரு ஊரில் நானே முன்னின்று கூட்டம் வைத்தேன். பதாகை கட்டினோம், பிளாஸ்டிக் கதிரை அடுக்கினோம். பிரதம விருந்தினர் வர ஒன்றரை மணித்தியாலம் சுணங்கியது. கிளினிக்குக்கு வரும் ஐந்து பேரை முன்வரிசையில் இருத்தி, நெஞ்சில் பச்சை ரிப்பன் குத்தியிருந்தோம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவர் ரிப்பனைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கவாட்டால் எழுந்து போனார். அடுத்த நாள் அவருடைய அம்மா வந்து கேட்டார்: ‘மிஸ், என்ர பிள்ளையை ஊருக்குக் காட்டவோ கூப்பிட்டனீங்கள்?’ அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் கிளினிக் பக்கமே வரவில்லை. ஊசி தப்பி, வருத்தம் திரும்பி, மறுபடி வார்ட்டில் சேர்த்தோம். அந்தப் பிழை என்னுடையது.

சரி, அப்படியென்றால் நிகழ்ச்சியே வேண்டாமா? வேண்டும். எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது. மனநோய் பற்றிய ஒதுக்கலைக் குறைப்பது எப்படி என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2022இல் ஒரு அறிக்கை தந்தது. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னது: எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்வது, அந்த வருத்தத்தோடு வாழ்கிறவரோடு மற்றவர்கள் பழகுவதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தாலும் நல்ல பலன் உண்டு. வளர்ந்தவர்களுக்குப் பழக்கம்தான் வேண்டும். மேடையில் நின்று அழுகிறவரைப் பார்த்துச் சனம் இரக்கப்படும். இரங்கிய கையோடு வீட்டுக்குப் போய்ப் படலையையும் சாத்தும். பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிறவரைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை. அவரோடு கதைப்பார்கள்.

இதை நான் கண்ணால் கண்டது ஒரு தண்ணீர்ப் பந்தலில். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் வழியெல்லாம் பந்தல் போடுவார்கள் அல்லவா? கிளினிக் குடும்பங்கள் சிலவும் ஒரு விளையாட்டுக் கழகப் பெடியளும் சேர்ந்து ஒரு மோர்ப் பந்தல் போட்டோம். பதாகையில் மனநலம் என்று ஒரு எழுத்தும் இல்லை. தேசிக்காய் பிழிய, வெங்காயம் அரிய, கப் கழுவ என்று வேலை பிரித்தபோது, யார் கிளினிக் ஆள், யார் கழகத்து ஆள் என்று பார்க்கவில்லை.

மோர் வார்க்க நின்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், முன்னர் கரைவலை இழுத்தவர். காதுக்குள் குரல் கேட்கும் வருத்தம் அவருக்கு. மருந்தால் கை நடுங்கும். அதனால் கப்பை முக்கால்வாசிதான் நிரப்புவார், இரண்டு கையாலும் பிடித்து நீட்டுவார். சனம் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டது. ஒரு ஆச்சி மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, ‘ஏன் தம்பி கை நடுங்குது?’ என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் தலை நிமிராமலே சொன்னார், ‘மாசா மாசம் ஊசி போடுறனான் ஆச்சி. அதால.’ ‘எனக்கும் சீனி வருத்தத்துக்கு ஊசிதான்’ என்று சொல்லி, குடித்து முடித்து, இன்னொரு கப் கேட்டார் ஆச்சி. அடுத்த வருடம் அந்த மனிசனைப் பந்தலுக்குக் கூப்பிட வந்தது நானில்லை, கழகத்துப் பெடியள்தான்.

ஆகவே உங்கள் செயலாளரிடம் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒக்டோபர் பிறந்தால் எங்கள் பக்கம் எப்போது மழை இறங்கும் என்று சொல்லேலாது, நிலையத்தின் கூரையே போதும். கரம் போட்டியோ, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதோ, எதுவும் சரி. தம்பிக்கு என்ன கைவரும் என்று தம்பியிடமே கேளுங்கள். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்றால் அந்த நாளில் அவன் வீட்டில் இருக்கட்டும், குறையில்லை. ஒருநாள் அவனாக விரும்பித் தன் கதையைச் சொன்னால் அது வேறு விசயம். எதைச் சொல்வது, எதை விடுவது, யார் முன்னால் என்பதெல்லாம் அவன் கையில் இருக்க வேண்டும்.

ஒருநாளோடு விட்டுவிடவும் கூடாது. தீபாவளி வரும், திருக்கார்த்திகை வரும், மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் எடுத்துக்கொண்டு பெடியள் விடியப்புறம் போவார்கள், பிறகு தைப்பொங்கல். ஒவ்வொன்றிலும் அவனுக்கு ஒரு இடம் இருக்கட்டும். (இரவு மருந்து எடுப்பவருக்கு நாலு மணிக்கு எழும்புவது பெரிய கஷ்டம். திருவெம்பாவைக்கு மட்டும் வற்புறுத்த வேண்டாம்.) கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் மகனை விட்டது. இப்போது அகப்பை அவன் கையில்தான்.

இன்னொன்று. நிகழ்ச்சியன்று ஒரு மூலையில் தாதியோ உளவளத்துணையாளரோ ஒருவர் சும்மா இருக்கட்டும். ஆட்கள் போனபிறகு, செருப்புத் தேடுகிற சாட்டில் யாராவது வருவார்கள். எங்கள் பந்தலில் மூன்று பேர் வந்தார்கள். பிள்ளை பிறந்ததில் இருந்து மகள் நித்திரை கொள்கிறாளில்லை என்று காதோடு சொன்னார் ஒரு தாய். சாக முயன்ற தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் பிடிக்குமோ என்று கேட்டார் ஒருவர். சாக முயல்வதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1998இலேயே நீங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் ஒரு மட்டையில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். எந்த நேரமும் எடுக்கலாம்.

கேள்வி: ‘உனக்கென்ன விசரே’ என்று கூட்டாளிமாரைப் பகிடிக்குச் சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். அதையும் விடவேண்டுமா? – நிலாவெளி வாசகர்

பதில்: விட்டால் நல்லது தம்பி. ஜப்பானில் மனச்சிதைவுக்கு இருந்த பழைய பெயருக்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள். குடும்பங்கள் கேட்டுக்கேட்டு 2002இல் அதை மாற்ற வைத்தார்கள். அதன்பிறகு, உங்களுக்கு இன்ன வருத்தம் என்று நோயாளிக்கு நேரே சொல்லும் டொக்டர்மார் அங்கே கூடினார்கள். ஒரு சொல்லால் டொக்டரின் வாயே கட்டுப்பட்டிருந்தது என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

உங்கள் செற்றில் பத்துப் பேர் இருந்தால், வீட்டில் அண்ணனோ அம்மாவோ கிளினிக் போகிற ஒருவராவது இருக்கக்கூடும். நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவரும் சேர்ந்துதான் சிரிப்பார். தனக்கு நித்திரை வராமல் போகும் நாளில் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்.