கும்பகோணத்தில் காபி விளையுமா? – கேள்வி பதில்

நெடுஞ்சாலைக் கடையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ குடித்தேன், பிரமாதம். அங்கேயே அரைக் கிலோ பொடி வாங்கிவந்தேன். வீட்டில் அந்த ருசி வரவில்லை. அசல் கும்பகோணத்துக் கொட்டைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – விழுப்புரம் வாசகர்

கும்பகோணத்தில் வெற்றிலை விளையும். காபி விளையாது. பால்மானி வைத்து டிகிரி பார்த்து வாங்கிய, தண்ணீர் கலக்காத பாலில் போட்டதால் வந்த பெயர் என்பார்கள். சிக்கரிதான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆயிற்று என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கொட்டைக்கு வந்த பெயர் இல்லை. பாக்கெட் பாலில் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் பொடி பாவம் என்ன செய்யும்?

பீபெரி உயர்ந்த ரகமா? கூடுதல் விலை கேட்கிறார்கள். – கரூர் வாசகி

ரகம் இல்லை, உருவம். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் ஒட்டி, தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டு திரளும், அதுதான் பீபெரி. காபியில் முக்கிய ரகங்கள் அரபிகா, ரொபஸ்டா; பீபெரி இரண்டிலும் உண்டு. எதன் பீபெரி என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

பொட்டலத்தின் முன்பக்கம் ‘பாரம்பரிய ஃபில்டர் காபி’. பின்பக்கம் எறும்பு எழுத்தில் காபி 53, சிக்கரி 47. இது மோசடிதானே? – மதுரை வாசகர்

சட்டப்படி மோசடி இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். காபி-சிக்கரி கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும். விகிதத்தை அச்சிட்டாக வேண்டும். அச்சிட்டுவிட்டார்கள். வாங்கும்போது நீங்கள்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

சிக்கரி மேல் எனக்குப் பகை கிடையாது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் வேர் அது. வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாக்‌ஷன் கறுத்து, கெட்டியாக இறங்கும். காஃபின் கிடையாது. எங்கள் வீட்டிலும் 80-க்கு 20தான். கோபமெல்லாம் விலை மேல். வேரைக் காபி விலைக்கு வாங்கி, “ஆஹா, என்ன கெட்டி!” என்று மெச்சவும் செய்கிறோம்.

கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையிலும் உஷார். ‘கிலோவுக்கு 200 கிராம் சிக்கரி’ என்றால் 800 காபியும் 200 சிக்கரியுமா, முழுக் கிலோ காபிக்கு மேல் 200-ஆ? முதலாவது 20 சதவீதம். இரண்டாவது 17-க்கும் கீழே. ஒரு கிலோ காபிக்குக் காசு கொடுத்து 800 வாங்கிப்போகிறவர்கள் ஏராளம். பத்து வருஷம் நானும் அதில் ஒருவன். இப்போதெல்லாம் தராசு பக்கத்திலேயே நிற்கிறேன், கடைப் பையனுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.

‘சிக்கரி இல்லை’ என்று விற்ற பொடியில் சந்தேகமா? கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எவ்வளவு என்று தெரியாது. இருக்கிறதா என்று தெரியும்.

ஏற்காட்டில் சாலையோரம் ‘எஸ்டேட் காபி’ 2 கிலோ வாங்கினேன். மக்கிய வாடை. பில் இல்லை, பொட்டலத்தில் பெயரும் இல்லை. பணம் திரும்ப வருமா? – சேலம் வாசகர்

வராது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 1820-களிலிருந்து காபி வளர்கிறது; நல்ல கொட்டை அங்கே கிடைக்காமலில்லை. பெயரும் வறுத்த தேதியும் இல்லாத பையை, அதுவும் 2 கிலோ, உங்களை யார் வாங்கச் சொன்னது? 100 கிராம் வாங்கியிருந்தால் போயிருப்பது 100 கிராம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ‘தனி அரக்கு அரபிகா’ என்ற விளம்பரம் பார்த்து இணையத்தில் ஒரு கிலோ வரவழைத்தேன். வந்த பாக்கெட்டில் சிக்கரி 40 என்றிருக்கிறது. பார்சலைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். – தஞ்சாவூர் வாசகி

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பார்சலைப் பிரிக்காமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் வித்தை அவர்களுக்குத் தெரிந்தால் சொல்லித்தரட்டும். ஆந்திரத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் பழங்குடி விவசாயிகள் வளர்ப்பது அரக்குக் காபி; 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைக் காட்டி வேரை விற்றிருக்கிறார்கள்.

பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அசையவில்லையென்றால் தஞ்சை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; 2 வருஷம் அவகாசம். ஒரு கிலோ காபிக்கா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

மரநாய் தின்று வெளியேற்றிய கொட்டையில் செய்த காபி குடகில் கிடைக்கிறதாமே, வாங்கலாமா? – கோவை வாசகர்

வாங்கினேன். மடிக்கேரிப் பக்கம், 50 கிராம். காட்டில் பொறுக்கியது என்றார் கடைக்காரர். கூண்டில் அடைத்துத் தீனி போட்டதாகவும் இருக்கலாம், மரநாய் மோந்துகூடப் பார்க்காததாகவும் இருக்கலாம். என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொல்லாமல் வீட்டில் போட்டுக் கொடுத்தேன். “இந்தத் தடவை பொடி சரியில்லை, பழைய கடையிலேயே வாங்குங்க” என்றார்கள். விலையை இன்னும் சொல்லவில்லை.