இருபதாயிரம் ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கி மளிகைக்குக் கொடுக்கலாமா?

பாலக்கோட்டில் உரக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஓசூரில் வேலை செய்யும் என் மருமகன் கிரிப்டோ நாணயம் வைத்திருக்கிறார். நானும் ரூ.20,000-க்குப் பிட்காயின் வாங்கி, மளிகை, பெட்ரோல் போன்ற செலவுகளை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்தால் தானே வாங்கி என் கைப்பேசியில் ஏற்றித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், முன்பணமாக ரூ.2,000 கொடுத்தும்விட்டேன். நாணயத்தைக் கிஃப்ட் கார்டாக மாற்றிச் செலவழித்தால் வரியே கிடையாது என்கிறார். இது சரிதானா?"

பிட்காயின் என்பது இணையத்தில் மட்டுமே இருக்கும், எந்த அரசும் வெளியிடாத கிரிப்டோ நாணயங்களில் ஒன்று. அதை வாங்குவதற்குத் தடை இல்லை. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் வாங்க அனுமதி இருப்பதாலேயே அது பணம் ஆகிவிடாது. ரூபாய் நோட்டு கடைக்காரரிடம் சட்டப்படி செல்லும் பணம். பிட்காயினை அவர் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் நீங்கள் அதை நீட்டினால் யார் வாங்கிக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியே ஒருவர் ஏற்றாலும், ஒரு பரிமாற்றம் பதிவாகச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். நெரிசல் மிகுந்த நாளில் அதற்கான கட்டணம் ஒரு டீயின் விலையைத் தாண்டிவிடும்.

இனி வரிக்கு வருவோம். வருமான வரிச் சட்டம் இதை மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்கிறது. வீட்டில் இருக்கும் தங்கக் காசைக் கொடுத்து அரிசி மூட்டை வாங்கினால் காசை விற்று அரிசி வாங்கியதாகத்தானே பொருள்? பிட்காயினும் அப்படித்தான், ஒவ்வொரு முறை செலவழிப்பதும் ஒரு விற்பனை. நீங்கள் ரூ.20,000-க்கு வாங்கியது ரூ.25,000 ஆகி, அதில் ரூ.5,000-க்கு மளிகை வாங்கினால், அந்தப் பங்கின் கொள்முதல் விலை ரூ.4,000, லாபம் ரூ.1,000. 2022 ஏப்ரல் முதல் இந்த லாபத்துக்கு 30 சதவீத வரியும் (ரூ.300), அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத கூடுதல் வரியும் (ரூ.12) உண்டு, ஆகமொத்தம் ரூ.312. உங்கள் மற்ற வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது போகாது. விலை இறங்கி நட்டப்பட்டால் அந்த நட்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது, வேறொரு கிரிப்டோ நாணயத்தில் வந்த லாபத்திலும் கூட. மாதம் நாற்பது முறை கடைக்குப் போகிறவர் நாற்பது கணக்கு எழுத வேண்டும். அதை எழுதித் தரும்படி என்னிடம் வந்தால், மளிகையைவிட என் கட்டணம் கூடுதலாக இருக்கும்.

முகவர் சொன்ன கிஃப்ட் கார்டு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது பாதி உண்மை என்பதால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 2022 ஜூன் மாத இறுதியில் வந்த அரசு அறிவிக்கை ஒன்று, கிஃப்ட் கார்டுகள், வவுச்சர்கள், விமானப் பயணப் புள்ளிகள், கடைகள் தரும் வெகுமதிப் புள்ளிகள் ஆகியவற்றை இந்தச் சொத்து வகையிலிருந்து விலக்கியது. அந்த விலக்கு கார்டுக்கு உரியது. உங்கள் கையில் உள்ள கார்டைக் கொடுத்துத் துணி எடுத்தால் கிரிப்டோ வரி வராது என்பது சரி. ஆனால் அந்தக் கார்டை வாங்க நீங்கள் பிட்காயினைக் கொடுத்த அதே நொடியில் பிட்காயின் கைமாறிவிட்டது, அங்கேயே வரியும் விழுந்துவிட்டது. தீபாவளிக்குக் கம்பெனி தந்த கார்டுக்கு உள்ள விலக்கை, நாணயத்தைக் கொடுத்து வாங்கிய கார்டின் மேல் ஒட்டிக் காட்டுகிறார் அவர்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த ரொக்கம்தான். ரொக்கம் வாங்கிக்கொண்டு கைப்பேசியில் "ஏற்றித் தருபவர்" பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, தன் ஆட்களின் செயலியில் மட்டும் விலை ஏறிக்கொண்டே போகும், வேறு எந்தச் சந்தையிலும் விற்க முடியாத ஒரு நாணயத்தைக் காட்டி, இன்னும் நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்பார். ஈமு கோழி வளர்ப்பு மோசடிக் கதை இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. இங்கே கோழிகூடக் கிடையாது. ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்கள் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம், உறவினர்களைச் சேர்த்துவிட்டவரும் அந்த வழக்கில் சிக்குவார். மற்றொன்று, உண்மையான நாணயத்தையே தந்து, பின்னர் நீங்கள் விற்கும்போது யாரோ முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரச் செய்வார். அந்தப் பணம் வேறெங்கோ இணைய மோசடியில் பறிபோன பணமாக இருந்தால், அந்த மாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டபடி உங்கள் கணக்கு முடக்கப்படும். என்னிடம் வந்த கிருஷ்ணகிரி மாங்கூழ் வியாபாரி ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. சர்ச்சைக்குரிய தொகை ரூ.9,000, முடங்கியதோ பருவம் முழுவதும் விவசாயிகளுக்குத் தர வேண்டிய பணம். வங்கிக் கிளை காவல்துறையைக் கேட்கச் சொன்னது, காவல் நிலையம் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னது, மின்னஞ்சலுக்கு நான்கு மாதம் பதில் இல்லை.

லாபத்தில் பங்கு கேட்க அரசுக்குத் தயக்கம் இல்லை. வாங்குபவரைக் காக்கத் தனிச் சட்டம் ஒன்றை இயற்ற மட்டும் நேரம் கிடைக்கவில்லை. கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்பதையே 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பழகிப் பார்க்க விரும்பினால், இழந்தாலும் தூக்கம் கெடாத தொகையோடு, சந்தேகப் பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துள்ள, கிரிப்டோ வாங்கி விற்கும் இந்தியப் பரிவர்த்தனைத் தளம் ஒன்றில் உங்கள் பான், ஆதார் கொண்டு நீங்களே கணக்குத் தொடங்குங்கள். அந்தப் பதிவு உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் அல்ல. 2024-இல் ஒரு பெரிய இந்தியத் தளத்திலிருந்தே 23 கோடி டாலர் அளவுக்குத் திருடு போனது. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்தே பணம் அனுப்பி, விற்ற தொகையும் அதே கணக்குக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். உரக்கடையின் நடப்புக் கணக்கு வேண்டாம், தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். முழு பிட்காயின் வாங்கத் தேவையில்லை. அது பத்துக் கோடிப் பகுதிகளாகப் பிரியும். விற்கும்போது விற்ற தொகையில் தளம் முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொள்ளும் 1 சதவீதம், வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் உங்கள் வரியில் சேரும். நாணயத்தை நீங்களே வைத்துக்கொள்ளும் சொந்தப் பணப்பை செயலி வைத்தால், அதைத் திறக்கும் சாவியாக அது தரும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். மருமகனுக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

கைப்பேசியில் இருக்கும் நாணயம் மளிகைக் கடையில் செல்ல வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய் இருக்கிறது. வங்கியின் செயலி வழியே கிடைக்கும், கடையில் உள்ள யு.பி.ஐ. குறியீட்டை ஸ்கேன் செய்தே கொடுக்கலாம், ரூபாய்தான் என்பதால் கிரிப்டோ வரி கிடையாது. விலை ஏறாது, வட்டியும் வராது.

அந்த ரூ.2,000 பற்றி: முகவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் செய்தியை எழுத்தில் அனுப்புங்கள், அவர் பதிலை அழிக்காமல் வையுங்கள். மீதியைக் கொடுத்தால்தான் முன்பணம் வரும் என்றாலோ, உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டாலோ, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். தருமபுரியில் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். ரொக்கத்துக்கு ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளே போதிய தொடக்கம்.