ஜி மேஜர் மினுவெட்: எந்த வேகம், என்ன உணர்வு?

கேள்வி: இசையமைப்பாளர் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் நோட்டுப் புத்தகத்தில் வரும் ஜி மேஜர் மினுவெட்டை (மினுவெட் என்பது மூன்று தட்டுச் சுற்றில் அமைந்த பழைய ஐரோப்பிய நடனம்) மகள் பியானோவில் வாசிக்கிறாள். பதிப்புக்குப் பதிப்பு வேகம் வேறுபடுகிறது. மெதுவாக வாசித்தால் தாலாட்டாகிவிடுகிறது. வேகம் கூட்டினால் இரண்டாம் பாதியில் தடுமாறுகிறாள். எதைப் பின்பற்றுவது?

பதில்: பதிப்புகளில் உள்ள வேக எண்கள் எல்லாம் பதிப்பாசிரியர்கள் போட்டவை. 1725-இல் தொடங்கப்பட்ட அந்த நோட்டில் இந்த மினுவெட்டுக்கு வேகக் குறிப்பு கிடையாது. வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமுக்கு மெல்செல் காப்புரிமை வாங்கியதே 1815-இல்தான். பாக் எழுதியதாக நெடுங்காலம் நம்பப்பட்ட இந்த உருப்படியை இயற்றியவர், டிரெஸ்டன் நகர ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். ஆகவே வேகத்தை நடனத்திடம்தான் கேட்க வேண்டும்.

மினுவெட் ஆடுபவர் ஒரு முழு அடவை இரண்டு பாரில் (மூன்று பீட், அதாவது தட்டு, கொண்ட ஒரு சுற்று ஒரு பார்), அதாவது ஆறு பீட்டில், நான்கு காலடிகளாக முடிக்கிறார். தாலாட்டாகக் கேட்பதற்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல, ஒவ்வொரு பாரையும் தனித்தனியாக ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்று அழுத்துவதுதான். முதல் பாருக்கு எடை கொடுத்து இரண்டாவதை லேசாக விடச் சொல்லுங்கள். இரண்டாம் பாரில் அடுத்தடுத்து வரும் இரு ஜி சுரங்களைப் பாதி நீளத்தில் விட்டு எடுக்க வேண்டும். கடைசி ஜி-யில் அழுத்தம் விழவே கூடாது. இடது கையின் புள்ளி வைத்த மினிம் சுரங்களோ முழுதாக மூன்று பீட்டும் ஒலிக்க வேண்டும். இதற்காகப் பெடலைத் தொட வேண்டாம், விரலே பிடிக்கட்டும்.

புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் 1752-இல் இரண்டு கிராட்செட்டுக்கு (ஒரு பீட் நீளச் சுரம் ஒரு கிராட்செட்) ஒரு நாடித்துடிப்பு என்றார். அவர் கொண்ட நாடி நிமிடத்துக்குச் சுமார் 80. ஆக நிமிடத்துக்கு 160 கிராட்செட். அது ஆடுவோருக்கான வேகம். பியானோ கற்கும் பிள்ளைக்கு 120 முதல் 132 வரை போதும். மெட்ரோனோமை பாருக்கு ஒரு தட்டாக, 40 முதல் 44-க்குள் வையுங்கள். 120-இல், திரும்ப வாசிப்பவற்றோடு 64 பார், ஒரு நிமிடம் 36 விநாடி வரும்.

எந்த எண் என்பதை 21-ஆம் பாரில் முடிவு செய்யுங்கள். ஏ-யிலிருந்து எஃப் ஷார்ப் வரை ஆறு குவேவர்கள் (அரை பீட் சுரங்கள்); விரல் 1-2-3-1-2-3. டி-யில் கட்டைவிரல் கீழே நுழையும்போது ‘டொப்’ என்று விழுந்தால், மிக பலவீனமான இடத்தில் அழுத்தம் வந்துவிடும். அந்த ஒலி மறைகிற வேகமே முழு உருப்படிக்கும் வேகம். முதல் பாதி எளிது என்று அங்கே வேகம் பிடிப்பதால்தான் இங்கே தடுமாற்றம்.

உணர்வு? மினுவெட்டுக்கு இசை எழுத்தாளர் மத்தேசன் 1739-இல் சொன்ன ‘மிதமான மகிழ்ச்சி’யைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 20-ஆம் பாரில் சி ஷார்ப் வந்து டி மேஜருக்கு இழுக்கும். அங்கே ஒலி சற்றுப் பிரகாசிக்கட்டும். 24-இல் டி-யில் நின்றபின் சாதா சி திரும்பும்போது தணிக்கலாம், வேகத்தைக் குறைக்காமல்.

இதன் ஜோடியான ஜி மைனர் மினுவெட்டையும் சேர்த்து வாசித்தால், மைனர் என்றதும் சோகம் என்று வேகத்தைத் தளர்த்துவார்கள். நடனம் அதேதான், காலடியும் அதேதான். தொடுகையை மட்டும் இன்னும் இழைவாக்கி, பிறகு மேஜருக்குத் திரும்பி, பகுதிகளை மறுமுறை வாசிக்காமல் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும்.