ஒரு ‘க்’கும் ஒரு போட்டோவும்

அன்புள்ள ஐயா,

பாரிமுனையில் மின்சாதன உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியில் நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். குடோன் ஆட்களையும் சேர்த்து அறுபது பேர். அக்கவுண்ட்ஸில் ஒன்பது வருடம் இருந்தவர் சப்ளையர் பில்களில் தொகையை மாற்றியது தெரிந்து, விசாரணை வைத்து, போன வாரம் டிஸ்மிஸ் செய்தோம். அன்று ராத்திரியே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் எடுத்துவிட்டோம். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் இழுபறி. காரணத்தை எழுதி போட்டோவோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டு, பேப்பரிலும் கொடு, அப்போதுதான் மற்றவனுக்குப் பயம் வரும் என்கிறார் முதலாளி. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகினார்’ என்று நாசூக்காக மெயில் போடலாம் என்கிறார் மேனேஜர். எது சரி? மெயில் ஆங்கிலத்திலா, தமிழிலா? பிரிவு உபசாரம் வைக்காவிட்டால் தப்பாக நினைப்பார்களா?

வே., சென்னை

அன்புள்ள வே.,

பில்லைத் திருத்தியதற்காக வெளியே அனுப்பியவரை நடுவில் உட்காரவைத்து கேக் வெட்டப் போகிறீர்களா? அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். ஆனால் அதைக் கேட்கத் தோன்றியதே, ஒன்பது வருடம் கூட வேலை பார்த்தவர் மேல் உங்களுக்கு இன்னும் ஈரம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

எப்படி அறிவிப்பது என்று இப்போது கேட்கிறீர்கள். நீங்கள் அறிவித்து ஒரு வாரம் ஆகிவிட்டது. குரூப்பிலிருந்து அட்மின் ஒருவரை எடுத்தால் அந்த வரி எல்லோர் போனிலும் தெரியும். அறுபது பேரும் அதைப் படித்துவிட்டு, மறுநாள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் பேசி முடித்திருப்பார்கள். தொகை இதற்குள் நாலு மடங்கு ஆகியிருக்கும்.

சில நாட்களாக நான் நாளிதழ்களின் உள்பக்கத்தில் வரும் அந்தக் கட்டம் கட்டிய விளம்பரங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் சைஸ் படம், கீழே ‘இவர் எங்கள் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டார், இவருடன் வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. உங்கள் முதலாளிக்கு அது தண்டனையாகத் தெரிகிறது. அதன் வேர் வேறு. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, உங்கள் சார்பில் செயல்பட்டவரின் அதிகாரத்தை நீங்கள் ரத்து செய்தாலும், வெளியாட்களைப் பொறுத்தவரை அது அவர்களுக்குத் தெரிய வரும்போதுதான் ரத்தாகும். சீட்டு கம்பெனியின் வசூல்காரர் தெருத் தெருவாகப் போய்ப் பணம் வாங்குகிறவர். பணம் கட்டுகிற அம்மாவுக்கு அவர் முகம் தெரியும், முழுப்பேர் தெரியாது. அங்கே போட்டோவுக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஆளை வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? சப்ளையர்கள் அத்தனை பேரின் முகவரியும் கணக்கு எழுதும் உங்கள் டேலி சாஃப்ட்வேரிலேயே கிடக்கிறது. ஆளுக்கு ஒரு கடிதம், ஒரு போன். முடிந்தது. அதற்குப் பத்திரிகையில் படம் எதற்கு?

நோட்டீஸ் போர்டில் காரணத்தை எழுதுவது இன்னும் மோசம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. ‘நான் எழுதியது உண்மைதானே’ என்பது மட்டும் அங்கே போதாது, பொது நன்மைக்காக அதை வெளியிட வேண்டியிருந்தது என்றும் காட்ட வேண்டும். குடோனில் அட்டைப்பெட்டி அடுக்குகிற பையனுக்குப் பில் விவகாரம் தெரிவதில் என்ன பொது நன்மை? பயம் வரும் என்கிறார் முதலாளி. வரும். நாளைக்கு டெஸ்பாட்ச்சில் ஒருவர் தெரியாமல் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால், உங்களிடம் வந்து சொல்லமாட்டார், பில்லையே ஒளித்துவைப்பார்.

முதலாளியாவது வெளிப்படையாகக் கோபப்படுகிறார். எனக்கு உங்கள் மேனேஜர் மேல்தான் கோபம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பாரே. திருந்தினான், திருத்தினான். விலகினார், விலக்கினார். நடுவில் ஒரே ஒரு ‘க்’. அந்த ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டு அதை நாசூக்கு என்கிறார். விழுங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41: ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது. முறையாக விசாரித்து, ஆதாரத்தைப் பதிவு செய்து, ஒழுங்கீனம் என்று முடிவானால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. அவர் இந்தப் பிரிவின்கீழ் மேல்முறையீட்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். உங்கள் உத்தரவு ‘ஒழுங்கீனத்துக்காக நீக்கினோம்’ என்கிறது. உங்கள் மெயில் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகினார்’ என்கிறது. தேதி இரண்டிலும் ஒன்று. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து நீட்டப்போவது அவருடைய வக்கீல்தான். ‘உண்மையிலேயே திருடினார் என்றால் ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்டால் மேனேஜர் நாசூக்கு என்று பதில் சொல்லட்டும்.

இதில் ஆத்திரமூட்டுவது என்னவென்றால், பொய்யும் வேண்டாம் காரணமும் வேண்டாம் என்று எழுதத் தமிழில் இடம் இருக்கிறது. ‘பணியில் இல்லை’ என்பதில் தன்வினையும் கிடையாது, பிறவினையும் கிடையாது. இப்படி எழுதுங்கள்:

‘அக்கவுண்ட்ஸ் பிரிவைச் சேர்ந்த இன்னார் இந்த மாதம் இத்தனாம் தேதியிலிருந்து நம் நிறுவனத்தில் பணியில் இல்லை. சப்ளையர் பில், பேமெண்ட் வேலைகளை இனி இன்னார் பார்ப்பார். கையில் இருக்கும் பில்களை வியாழக்கிழமைக்குள் அவரிடம் கொடுத்துவிடவும். சந்தேகம் இருந்தால் என்னை நேரில் கேட்கலாம்.’

நான்கு வாக்கியம். கீழே உங்கள் பெயர் இருக்கட்டும், ‘நிர்வாகம்’ என்று போடாதீர்கள். ‘எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ வேண்டாம், படிப்பவர்கள் சிரிப்பார்கள். யார் ஏன் என்று கேட்டாலும், ‘அது அவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விஷயம்’ என்று நீங்கள், மேனேஜர், முதலாளி மூவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒருவர் கண்ணடித்தால் போச்சு.

மெயிலுக்கு முன்னால் பூட்ட வேண்டியதைப் பூட்டினீர்களா? அக்கவுண்ட்ஸ் ஆள் என்பதால் கேட்கிறேன். டேலி பாஸ்வேர்டை எல்லோரும் மாற்றிவிடுவார்கள். மறப்பது ஓடிபி. ஜிஎஸ்டி போர்ட்டலிலும் பிஎஃப் தளத்திலும் அவருடைய சொந்த மொபைல் நம்பரே பதிவாகியிருக்கும், ரிட்டர்ன் போடும் கடைசி நாளில்தான் ஞாபகம் வரும். பேங்கில் பேமெண்ட்டை ஏற்றுகிறவராகவோ ஒப்புதல் கொடுப்பவராகவோ அவர் பெயர் இருந்தால் எழுத்து மூலம் எடுக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் யார் மேஜையில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி? 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். நீங்கள் ஒரு வாரம் கழித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனிச் செய்வதையாவது வரிசையாகச் செய்யுங்கள். முதலில் சப்ளையர்களுக்குத் தகவல், அதிலும் காரணம் வேண்டாம். அடுத்து, அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த நாலைந்து பேர். அவர்களிடம் அவர்களுடைய நேரடி மேலாளர் வாயால் சொல்ல வேண்டும், காலை பதினொரு மணி வாக்கில். போனவரின் வேலை தங்கள் தலையில் விழுமா, தங்களையும் விசாரிப்பார்களா, இந்த இரண்டும்தான் அவர்கள் மனதில் ஓடும். ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் மெயில். சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்கப் போனில் கதை வளரும், கேட்க நீங்கள் எதிரில் இருக்கமாட்டீர்கள்.

ஆங்கிலமா தமிழா என்று கேட்டிருந்தீர்கள். வழக்கமாக எதில் மெயில் போடுவீர்களோ அதில். ஆனால் குடோன் ஆட்களுக்கு மெயில் ஐடியே இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நீங்களே இறங்கிப் போய், அந்த நான்கு வாக்கியங்களை அதே வார்த்தைகளில் சொல்லிவிட்டு வாருங்கள்.