ஜப்பானின் பண்டாய் அசுமா ஸ்கைலைன் மலைச்சாலைக்கு எந்த மாதத்தில் போகலாம்? ஃபுகுஷிமா என்பதால் பயப்பட வேண்டுமா?

உங்கள் வீட்டிலும் யாராவது “ஃபுகுஷிமாவா, வேண்டவே வேண்டாம்” என்று சொல்லியிருப்பார்கள். 2011-இல் விபத்துக்குள்ளான அந்த அணு உலை கடற்கரையில் இருக்கிறது. இந்தச் சாலையோ மேற்கே, 70 கிலோமீட்டருக்கும் அப்பால், மலைமேல். நான் விஞ்ஞானி அல்லன்; நான்கு முறை போய்வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வடக்கே உள்ள செண்டாய் நகரில் வேலை பார்த்தபோது முதல் முறை நவம்பர் கடைசியில் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை பனிக்காக மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்ததும் மறுபடி போனேன். இருபுறமும் காரைவிட உயரமாகப் பனிச்சுவர், தொட்டால் கல். ஜூலையில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபரில் அம்மாவை அழைத்துப் போனேன். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள ஜோடோடைரா என்ற மலைச்சமவெளியை நெருங்கும்போது மரங்கள் மறைந்து வெளுத்த சரிவுகள் வந்தன. எரிமலை வாயு வரும் இடம், வண்டியை நிறுத்தாதீர்கள், கண்ணாடியை ஏற்றுங்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். ஏற்றியும் கந்தக நெடி உள்ளே வந்தது. “தீபாவளிக்கு மறுநாள் நம் தெரு இப்படித்தானே இருக்கும்” என்றார் அம்மா.

முழங்கால் வலியோடு, அங்கிருக்கும் அசுமா கோஃபுஜி என்ற சிறு எரிமலையின் படிகளில் நின்று நின்று ஏறினார். பத்து நிமிட ஏற்றம் என்பார்கள். எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. விளிம்பில் காற்று ஆளைத் தள்ளியது. உள்ளே நெருப்பும் இல்லை, நீரும் இல்லை; வெறும் மண்ணும் கல்லுமாக ஒரு பெரும்பள்ளம். எதிரே இஸ்ஸைக்யோ மலையில் வெண்புகை. ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா நெடுநேரம் பேசாமல் நின்றார். 1893-இல் இஸ்ஸைக்யோ வெடித்தபோது, ஆய்வுக்குப் போன இருவர் இறந்தார்கள். ஆகவே கிளம்பும் முன் எரிமலை எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுங்கள்.

புகழ்பெற்ற ஃபுஜி மலையை விட்டுவிட்டு இதையா என்று சிலர் கேட்கலாம். ஃபுஜியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரிமலை வாய்க்குள் அம்மாவால் எட்டிப் பார்க்க முடிந்தது இங்கேதான். ஒரே முறைதான் போக முடியும் என்றால் அக்டோபரில் போங்கள். மாதத் தொடக்கத்தில் உச்சியில் சிவக்கும் இலைகள், மாதக் கடைசிக்குள் அடிவாரம்வரை இறங்கிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிவாரம் முழுக்கப் பழத்தோட்டங்கள். ஜூலையில் போனபோது ஒரு பெட்டி பீச் பழம் வாங்கி டோக்கியோவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். 2011-க்குப் பிறகு கதிரியக்கச் சோதனை செய்தே விற்கிறார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். “வீட்டில் குழந்தை இருக்கிறது” என்று பெட்டியைப் பிரிக்காமலே திருப்பித் தந்துவிட்டார். இரவு ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு செண்டாய் திரும்பினேன். பெட்டி முழுக்கப் பழ வாசனை.